சம்பளம் திரும்பியது, நன்கொடை திரும்பவில்லை

சென்னை கொளத்தூரில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அதன் வாசல் அறை மேசையில் நீளமான நோட்டு ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள். எந்த வேளைச் சாப்பாட்டுக்கு யார் பணம் தருகிறார், எதற்காகத் தருகிறார் என்பதை அதில் எழுதிவைப்பார்கள். மகள் பிறந்தநாள், அப்பா நினைவுநாள், திருமண நாள், தேர்வில் தேறியதற்காக. பணம் கட்டியவர் பெயர் நீல மையில் இருக்கும். சொல்லிவைத்துவிட்டு இன்னும் கட்டாதவர் பெயர் பென்சிலில் இருக்கும்.

என் அம்மாவின் நினைவுநாளுக்கு ஒவ்வோர் ஆண்டும் அங்கே போவேன். ஒருமுறை ரசீதுக்காகக் காத்திருந்தபோது, அலமாரியில் அடுக்கியிருந்த பழைய நோட்டுகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நிர்வாகி அம்மா எடுத்துக் கொடுத்தார். 2019ஆம் ஆண்டு நோட்டில் பக்கத்துக்கு இரண்டு கட்டமாவது நிரம்பியிருந்தது. 2020இல் ஏப்ரலுக்குப் பிறகு பெரும்பாலான பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன, அது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது 2023ஆம் ஆண்டு நோட்டு. ஊரடங்கெல்லாம் முடிந்து, தியாகராய நகரில் தீபாவளிக் கூட்டம் பழையபடி தோளோடு தோள் உரசிய ஆண்டு அது. நோட்டிலோ பாதிக் கட்டங்கள் காலி. நினைவுநாள்கள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. பிறந்தநாள்கள்தாம் காணாமல் போயிருந்தன.

ஒரு பெயரை மட்டும் நோட்டு நோட்டாகத் தேடிப் பார்த்தேன். அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவராம். மகள் பிறந்தநாளுக்கு 2018இல் வடை பாயசத்தோடு மதியச் சாப்பாடு. 2019இல் மதியச் சாப்பாடு உண்டு, பாயசம் இல்லை. 2020இல் ஓர் அரிசி மூட்டை. 2021இல் பென்சிலில் பெயர் எழுதி, அதன் மேல் ஒரு கோடு. 2022 முதல் பெயரே இல்லை.

“வேலை போய்விட்டதா அம்மா?” என்று கேட்டேன்.

“போயிற்று. மறுபடி கிடைத்தும்விட்டது. இப்போது ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறாராம். இதுதான் விட்டுப்போயிற்று” என்றார்.

‘விட்டுப்போயிற்று’ என்ற அந்த ஒரு சொல்லை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். பொருளாதாரம் சரிந்தால் வீடுகள் தான தருமத்தைக் குறைக்கும் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். சரிவு முடிந்து வேலையும் சம்பளமும் திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. மந்தம் நடக்கும் ஆண்டைவிட அதை அடுத்து வரும் ஆண்டுகளுக்காகவே அதிகம் கவலைப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பார்கள். மிஞ்சுவது எவ்வளவு என்பது எப்படி முடிவாகிறது? நடுத்தரக் குடும்பம் ஒன்றின் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தேதி சம்பளம் வரும். ஐந்தாம் தேதிக்குள் வீட்டுக் கடன் தவணையை வங்கி எடுத்துக்கொண்டுவிடும்; வாடகை வீடென்றால் வாடகை. பிறகு பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், மளிகை, பால், மின் கட்டணம், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது. இவற்றில் எதை நிறுத்தினாலும் கேட்க ஆள் உண்டு. வங்கி கேட்கும், பள்ளி கேட்கும், சீட்டுப் பிடிப்பவர் வாசலுக்கே வந்துவிடுவார். நன்கொடையை நிறுத்தினால் யாரும் கேட்பதில்லை. ஆகவே வருமானம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நன்கொடையும் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்குப் போட முடியாது. மற்றச் செலவுகள் இடம் கொடுக்காமல் நிற்பதால், குறைந்த தொகையின் பாரம் பெரும்பாலும் கேட்க ஆளில்லாத செலவுகளின் தலையில்தான் விழும்.

சம்பளம் குறையாத வீடுகளும் கையை இறுக்கிக்கொள்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி வீழ்ந்தபோது இங்கே மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு வந்த நடுக்கம், 2022 இறுதியிலும் 2023இலும் உலகெங்கும் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தபோது திரும்பி வந்தது. ஒரு தளத்தில் ஒருவருக்கு வேலை போனால், மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் முழுச் சம்பளம் வாங்குகிறவர்கள் அடுத்தது நாமோ என்று எண்ணத் தொடங்குகிறார்கள். கணக்கில் பணம் இருக்கும். அது மிஞ்சிய பணம் என்று மனம் ஒப்பாது.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே பெரும் மந்தம் 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்ததாகக் கணக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968 முதல் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தாண்டியும் பின்தொடர்ந்து, வருமானமும் சொத்தும் கேட்டுப் பதிவு செய்துவருகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நன்கொடை பற்றியும் கேட்கிறது. அந்தப் பதிவுகளை வைத்து ஜோனதன் மீர் என்ற பொருளாதார ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: வருமானமும் சொத்தும் குறைந்ததைக் கணக்கில் கொண்டால், நன்கொடை எவ்வளவு குறைந்திருக்க வேண்டும்? உண்மையில் குறைந்தது அதைவிட அதிகமாக இருந்தது. பணப்பையைக் கொண்டு விளக்க முடியாத ஒரு பகுதி மீந்து நின்றது. கொடுப்பது பற்றிய மனப்போக்கே மாறியிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அதே பதிவுகளிலிருந்து இண்டியானா பல்கலைக்கழகத்தார் எடுத்த கணக்கு இன்னும் கவலை தருவது. 2000ஆம் ஆண்டில் நூற்றுக்கு 66 அமெரிக்கக் குடும்பங்கள் நன்கொடை கொடுத்தன. 2018இல் நூற்றுக்கு 50கூட இல்லை. இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மந்தம் முடிந்த சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த நன்கொடைத் தொகை பழைய அளவை எட்டி, அதைத் தாண்டியும் போனது. வசதி மிகுந்தவர்கள் பெருந்தொகையாகக் கொடுத்ததில் மொத்தம் தேறிவிட்டது. சிறு தொகை கொடுத்துவந்த வீடுகளோ ஓசையில்லாமல் விலகிப் போயின. மொத்தத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றியிருக்கும்.

கொளத்தூர் இல்லத்திலும் அப்படித்தான். நிறுவனம் ஒன்று குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தந்திருக்கிறது. இன்னொன்று கூரைக்குச் சூரிய மின்தகடு போட்டுத் தந்திருக்கிறது. ஆண்டு வரவைக் கூட்டினால் குறைவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டியை வேகவைக்க முடியாது.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்திவிடக் கூடாது. நம் வீடுகளின் கொடை பெரும்பாலும் ரசீது வழியே போவதில்லை. அசோகா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் ஒன்று 2020-21ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பங்கள் கொடுத்ததை மதிப்பிட்டது. தொகை சுமார் 23,700 கோடி ரூபாய். ஏதோ ஒரு வகையில் கொடுத்த குடும்பங்கள் நூற்றுக்கு 87. பெரும்பகுதி சமய அமைப்புகளுக்குப் போனது. அடுத்த இடம் கையேந்தி நிற்பவர்களுக்கு. சமயம் சாராத தொண்டு அமைப்புகளுக்குப் போனது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். கொரோனாவின் நடுவே எடுத்த கணக்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். அவ்வளவு நெருக்கடியிலும் பெரும்பாலான வீடுகள் ஏதோ ஒன்றைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. யாருக்கு, எந்தக் கையால் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சென்னை பத்தாண்டுகளுக்குள் பலவகை அடிகளைப் பார்த்த ஊர். 2015 டிசம்பரில் வெள்ளம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த மாதமே வர்தா புயல். 2019இல் வாகனத் துறையின் சரிவு. 2020இல் ஊரடங்கு. ஒவ்வொன்றிலும் வீடுகள் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டன. அந்த வேறுபாடுகள் நிறையச் சொல்கின்றன.

வெள்ளத்தில் அடையாற்றங்கரையும் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியபோது, கொடை தண்ணீரைவிட வேகமாக வந்தது. மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். மற்ற மாவட்டங்களிலிருந்து போர்வையும் பிஸ்கட்டும் குடிநீரும் லாரி லாரியாக வந்தன. அடுப்பு எரிந்த வீடுகளெல்லாம் பக்கத்துத் தெருவுக்காகவும் சேர்த்துப் புளிசாதம் கிளறின. தன் வீட்டுத் தரைத்தளத்தை இழந்தவர் மாடியில் உட்கார்ந்து அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று சுவரே சொல்லும்.

2019ஆம் ஆண்டுச் சரிவு எந்தச் சுவரிலும் கோடு போடவில்லை. அந்த ஆகஸ்டில் நாட்டில் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகள் உற்பத்தி இல்லா நாள்களை அறிவித்தன. பெரிய ஆலை ஒருநாள் நின்றால், அம்பத்தூரிலும் பாடியிலும் திருமுடிவாக்கத்திலும் அதற்காகத் திருகாணியும் ரப்பர் வளையமும் செய்யும் சிறு பட்டறைகள் ஒரு வாரம் நிற்கும். முதலில் போனது கூடுதல் நேர ஊதியம், அடுத்து ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலை. அவர்கள் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, ஆலை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். அவர்களுக்காக எந்த லாரியும் வரவில்லை. எந்த அடுக்ககத்திலும் வசூல் நடக்கவில்லை. நம் கொடை மனம் கண்ணில் தொடங்குகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் வறுமை அதன் பார்வைக்குச் சிக்குவதில்லை. கொளத்தூர் நோட்டில் பாயசம் நின்ற ஆண்டும் 2019தான்.

ஊரடங்கு, வெள்ளமும் மந்தமும் ஒருசேர வந்தது போன்றது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 24 சதவீதம் சுருங்கியது. அதே வாரங்களில்தான் சென்னை இளைஞர்கள் பைக்கில் பொட்டலங்களோடு தெருத் தெருவாகச் சுற்றினார்கள். தனியார் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று அரசு அந்த ஏப்ரலில் அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. கொடுப்பதற்காக நீதிமன்றம் போன ஊர் இது. 2021 மே மாதம் முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு வேண்டுகோள் வந்தபோது, சிறுவர்கள் மண் உண்டியலை உடைத்துக் காசு கொண்டுவந்தார்கள்.

இத்தனை ஈரம் உள்ள ஊரில் 2023ஆம் ஆண்டு நோட்டு ஏன் காலியாக இருந்தது? கொடை நின்றுவிடவில்லை, இடம் மாறியது என்பது ஒரு பாதி விடை. நெருக்கடியில் வீடுகளின் கொடை தொலைவிலிருந்து கிட்டே வருகிறது. ரசீது தரும் நிறுவனத்தை விட்டுவிட்டுத் தெரிந்த முகத்தை நோக்கிப் போகிறது. வேலையிழந்த மைத்துனனின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம். ஊரில் தங்கையின் நகையை அடகுக் கடையிலிருந்து மீட்கப் பணம். பழைய அலுவலக நண்பருக்குக் கைமாற்று. திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்து, கடன் என்று பெயர் மட்டும் வைப்பார்கள். வாங்குகிறவரின் மானம் காக்க நம் மக்கள் கண்டுபிடித்த வழி அது. இவை எதுவும் எந்த ஆய்வின் கணக்கிலும் முழுதாக ஏறாது. எந்த வரிச் சலுகையும் கிடையாது. நன்கொடை குறைந்துவிட்டது என்று சொல்வதற்கு முன் இதையும் எடைபோட வேண்டும்.

கிட்டே இருப்பவர்கள் எல்லாரும் கண்ணில் பட்டார்களா என்றால், அதுவும் இல்லை. ஊரடங்கில் அடுக்ககக் கதவுகள் மூடியபோது, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வராத நாள்களுக்கும் சம்பளம் கொடுத்த வீடுகள் உண்டு. முதல் மாதம் கொடுத்து இரண்டாம் மாதம் நிறுத்தியவையும், வரவில்லையே என்று அன்றே நிறுத்தியவையும் உண்டு. எங்கள் தெருவில் வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு அப்போது ஐந்து வீடுகள். இரண்டு வீடுகள் முழுச் சம்பளம் தந்தன. ஒரு வீடு மளிகைச் சாமான் தந்தது. மற்ற இரண்டும் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த இரண்டு வீடுகளிலும் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அவருக்குச் சேர வேண்டியது தானமா, உழைப்பின் கூலியா என்ற கேள்வியை நாம் இன்னும் நேர்மையாகப் பேசவில்லை. கூலிதான் என்பது என் துணிபு.

கோயில்களில் இன்னொரு விதம். சமயக் கொடை மற்றவற்றைவிட மந்தத்தைத் தாங்கி நிற்கும்; அதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை, நடை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவரின் கை தானாகத் தட்டுக்கும் உண்டியலுக்கும் நீளும். 2020இல் அந்த நடையே நின்றது. மார்ச் இறுதியிலிருந்து மாதக்கணக்கில் கோயில்கள் பூட்டிக் கிடந்தன. பெரிய கோயிலுக்கு நிலமும் வைப்பு நிதியும் உண்டு. தெருமுனைப் பிள்ளையார் கோயில் அர்ச்சகருக்குத் தட்டில் விழும் காசுதான் அடுப்பெரிய வழி. கற்பூரம் காட்டிய கை, பக்தர் இல்லாமல் வெறும் தட்டை இறக்கிவைத்த மாதங்கள் அவை. 2021 ஜூனில் அறநிலையத்துறைக் கோயில்களில் மாதச் சம்பளம் இல்லாமல் பணிபுரிந்தவர்களுக்கு அரசு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் 15 வகை மளிகைப் பொருள்களும் கொடுத்தது. தானம் என்றே யாரும் எண்ணாத ஒன்றை நம்பி எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது.

இங்கே இஸ்லாமியர்களின் ஜகாத் முறையை நினைத்துப் பார்க்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேமிப்பு ஓராண்டு கையில் இருந்தால், அதில் இரண்டரை சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். மிஞ்சியது எவ்வளவு என்பதை மனத்தின் நடுக்கத்துக்கு விடாமல் விதி முடிவு செய்கிறது. அளவுக்குக் கீழே போனவருக்குக் கடமை இல்லை, குற்ற உணர்வும் இல்லை. மேலே வந்ததும் கடமை தானாகத் திரும்புகிறது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசியும் இதே அறிவுதான். உலையில் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். குறைவாகச் சமைக்கும் நாளிலும் அந்தப் பிடி உண்டு. வீட்டில் உலை கொதிக்கும்வரை விட்டுப்போக வழியில்லாத கொடை.

கொடிய காலம் கொடையை அழிக்கும் என்றே எழுதிக்கொண்டு போனால் இந்த ஊரின் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவனாவேன். ராயபுரத்து ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். 1780களில் ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் மக்களைச் சென்னைக்குத் துரத்தியபோது, அங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். பஞ்சம் போன பிறகும் சத்திரம் நின்றது, நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது, மருத்துவமனையானது. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்த வள்ளலார், 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் சூடு ஆறுவதற்குள், 1867 மே 23இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. இவ்விரண்டும் நின்றதற்குக் காரணம், கொடுக்கும் மனத்துக்கு ஓர் இடமும் அன்றாட வேலையும் கிடைத்ததுதான் என்று நினைக்கிறேன். 2015இல் திரண்ட கைகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் கலைந்து போயின.

தமிழ்நாட்டில் பசியின் முதல் அடியைத் தாங்குவது அரசுதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். ஊரடங்கில் சில காலம் அதுவும் இலவசமாகக் கிடைத்தது. ஆகவே இங்கே வீடுகளின் கொடை குறையும்போது உடனே யாரும் பட்டினி கிடப்பதில்லை. ரேஷன் தராதவைதாம் அடிபடுகின்றன: முதியவரின் சர்க்கரை நோய் மருந்து, சக்கர நாற்காலி, ஆதரவற்ற பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், இல்லத்தில் இரவுப் பணி பார்க்கும் ஆயாவின் சம்பளம். ஆயாவின் சம்பளத்துக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை.

இதே ஆண்டுகளில் மற்ற வழிகளும் ஒடுங்கின. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் பெறும் பெரிய அமைப்பு அதைச் சிறிய அமைப்புக்குப் பகிர்ந்து தர முடியாமல் போனது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியோ முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்று கணக்கிடப்படுவது. லாபம் குறைந்த ஆண்டில் அந்த நிதி உடனே விழாது. ஆனால் அந்த மோசமான ஆண்டு அடுத்த மூன்று ஆண்டுகளின் சராசரியிலும் உட்கார்ந்திருக்கும். நோய் போன பிறகும் போகாத இருமல் போல.

வருமான வரியும் ஒரு பக்கம். நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பிரிவில் ரசீது வாங்கி வரி குறைத்துக்கொள்வது மார்ச் மாதத்துச் சென்னைக்குப் பழகிய காட்சி. 2017 முதல் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வரி முறையில் 80ஜி சலுகையே கிடையாது. சலுகைக்காகக் கொடுத்தவர் கொஞ்சம் பேர்தான் என்று சொல்லலாம். ஆனால் இல்லங்களுக்கு மார்ச் மாதம் வந்துகொண்டிருந்த அந்த நினைவூட்டல் போய்விட்டது. கேட்க ஆளில்லாத செலவு என்று முன்பே சொன்னேன். வரி ரசீது ஓர் ஆளாக நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

விலைவாசியும் தன் பங்குக்குத் தின்றது. 2018இல் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அதே தொகையை இன்று கொடுத்தால் காலை டிபனுக்குத்தான் வரும். எண்ணெய், பருப்பு, சமையல் எரிவாயு எல்லாம் ஏறிவிட்டன. விடாமல் கொடுத்தவர்களின் கொடையும் அவர்கள் அறியாமலே சுருங்கியிருக்கிறது.

எனினும் கொளத்தூர் நோட்டின் காலிக் கட்டங்களுக்கு நான் கண்ட பெரிய காரணம் இவற்றில் எதுவும் இல்லை. நிர்வாகி அம்மாவிடம் கேட்டேன்: முன்பெல்லாம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்னால் நீங்களே போன் செய்வீர்களே, இப்போது செய்வதில்லையா? 2020இல் நிறுத்தினோம் என்றார். வேலை போனவர்களிடம் போய் எப்படிக் கேட்பது? சம்பளம் பாதியானவரை ஏன் சங்கடப்படுத்துவது? நல்ல மனத்தோடு நிறுத்திய அழைப்புகள் அவை. பிறகு யாருக்கு வேலை திரும்பியது, யாருக்குத் திரும்பவில்லை என்று தெரியாததால் மறுபடி தொடங்கவே இல்லை. மறுமுனையில் இருந்தவர்களோ, ஒருமுறை தவறிப்போன கூச்சத்தில் ஒதுங்கியவர்கள். ஓராண்டு கொடுக்காமல் விட்டவருக்கு அடுத்த ஆண்டு முகம் காட்டத் தயக்கம். இரண்டாம் ஆண்டு அது மறதியாகிறது. வடை பாயசம் போட்டவர் வெறும் டிபனுக்குப் பணம் கட்டுவது கௌரவக் குறைவு என்று நினைத்து, எதுவும் கட்டாமலே இருந்துவிடுவதும் உண்டு. கொடுப்பவர்கள் கஷ்டத்தில் இருப்பார்கள் என்று இல்லத்தார் கேட்கவில்லை. இல்லத்தார் கேட்கவில்லையே என்று கொடுப்பவர்கள் கொடுக்கவில்லை.

நினைவுநாள்கள் ஏன் தப்பின என்பதும் இப்போது விளங்குகிறது. இறந்தவருக்குச் செய்வதைக் குடும்பம் கடமையாக வைத்திருக்கிறது. திதி வரும்போது பஞ்சாங்கம் கேட்கும், பெரியவர்கள் கேட்பார்கள். பிறந்தநாள் சாப்பாடு மகிழ்ச்சியில் முளைத்த கொடை. அதற்குப் பின்னால் கேட்பவர் இல்லை.

அன்று நான் கிளம்புவதற்கு முன் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அம்பத்தூர்க்காரருக்கு ஒருமுறை போன் செய்து பாருங்கள், பணம் கேட்க வேண்டாம், நலம் மட்டும் விசாரியுங்கள் என்றேன். அந்த அம்மா நெடுநேரம் யோசித்தார். பிறகு பழைய நோட்டின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்து மெதுவாக அழுத்தினார்.

“தம்பி, கொளத்தூர் இல்லத்திலிருந்து பேசுகிறேன். நன்றாக இருக்கிறீர்களா? பாப்பா எப்படி இருக்கிறாள்?”

மறுமுனையில் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. பாப்பா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்பது மட்டும் அம்மாவின் வியப்பிலிருந்து தெரிந்தது. நாலைந்து நிமிடம் பேசினார்கள். இடையில் அம்மா, “மதியத்துக்கு இப்போது கூடிவிட்டது தம்பி, எண்ணெய் விற்கிற விலைக்கு” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “அதனால் என்ன, காலை டிபனே போதும், இட்லி என்றால் இங்கே எல்லாருக்கும் பிடிக்கும்” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். ஜூலைப் பக்கத்தில் காலை என்ற கட்டத்தைத் தேடி, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பெயரை எழுதினார்.